வேலை ஓர் ஊர், வீடு ஓர் ஊர்

1

ஸ்லவ் என்ற ஊர் ஆங்கிலக் கவிதை வாசிப்பவர்களுக்கு ஒரு வசவாகத்தான் அறிமுகமாகிறது. அந்தச் சொல்லுக்கே சேறு, சதுப்பு என்று அர்த்தம். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். தேம்ஸ் நதியின் ஒரு கரையில் ஈட்டன் பள்ளி, மறு கரையில் விண்ட்ஸர் கோட்டை. இரண்டுக்கும் பக்கத்திலேயே, இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது போல, ஸ்லவ். 1937-ல் ஜான் பெட்ஜமன் ஒரு கவிதையில் குண்டுகளைக் கூப்பிட்டு இந்த ஊரின் தலையில் விழச் சொன்னார். மூன்று வருஷங்களில் ஆங்கில நகரங்களின்மேல் நிஜமாகவே குண்டுகள் விழுந்தன. 2006-ல், கவிஞரின் நூற்றாண்டின்போது, அவருடைய மகள் ஸ்லவ் மேயரிடம் அப்பாவின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் ஊர் பழமொழியாகியிருந்தது. அலுவலக வாழ்க்கையின் வெறுமையைக் கேலி செய்ய ஒரு இடம் தேவைப்பட்டபோது பி.பி.ஸி. 2001-ல் ‘தி ஆபீஸ்’ தொடரை இங்கேதான் கொண்டுவந்து வைத்தது.

கவிதை நல்ல கவிதையா என்பது என் விஷயமில்லை. அதில் இருக்கும் கோபம் உண்மையான கோபம்தான். குமாஸ்தாக்கள்மீது இரக்கம் இருக்கிறது. அவர்களை வைத்துக் காசு பார்க்கும் ஒரு முதலாளியும் வருகிறான், ஏமாற்றுக்காரனாக, பார்க்கச் சகிக்காதவனாக. என் ஆட்சேபணை இந்த இடத்தில்தான். ஒரு ஊரின் அவலட்சணத்துக்குக் காரணம் தேடும் கவிமனம் ஒரு கெட்ட மனிதனைக் கண்டுபிடித்ததும் திருப்தியடைந்துவிடுகிறது. ஸ்லவின் சரித்திரத்தில் கெட்ட மனிதன் யாரும் தேவைப்படவில்லை. அங்கே வேலை செய்தது ஒரு குத்தகைப் பத்திரம். ஆலைகள் வந்தன, போயின. வீடுகள் கட்டப்பட்டன, கைமாறின. ஆட்கள் வேல்ஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தார்கள். நிலம் மட்டும் இருந்த இடத்தில் இருந்து வாடகை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வாடகையைப் பொதுச் சொத்தாக்க ஆங்கில அரசியல் ஒருமுறை முயன்றது. அந்த முயற்சி எப்படி உதிர்ந்தது என்பதை ஸ்லவில் பார்ப்பது போல வேறு ஊர்களில் தெளிவாகப் பார்க்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

2

முதல் யுத்தத்தின் கடைசி வருஷமான 1918-ல் பிரிட்டிஷ் யுத்த இலாகா ஸ்லவுக்கு மேற்கே சிப்பன்ஹாம் விளைநிலங்களை எடுத்துக்கொண்டு, போர்முனையில் பழுதான லாரிகளையும் கார்களையும் ரிப்பேர் செய்ய ஒரு டெப்போ கட்ட ஆரம்பித்தது. டெப்போ முடிவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. பார்லிமெண்டில் கேள்விகள் எழுந்தன. 1920-ல் நிலம், கொட்டகைகள், ஓட்டை வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைக்கு ஒரு தனியார் கூட்டத்திடம் அரசாங்கம் தள்ளிவிட்டது. பெர்ஸிவல் பெரி, நோயல் மாப்ஸ் இருவரும் அதில் முக்கியமானவர்கள். வண்டிகளைப் பழுது பார்த்து விற்றுத் தீர்ப்பது முதல் திட்டம். வண்டிகள் தீரத் தீரக் கொட்டகைகள் காலியாயின. காலியான கொட்டகைகளை மற்றக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ரயில் பாதை இருந்தது. மின்சாரமும் நீராவியும் எஸ்டேட்டே சப்ளை செய்தது. சிறு முதலோடு வருகிறவன்கூட மறுநாளே யந்திரத்தை ஓட்டலாம். வண்டி வியாபாரம் தற்காலிகம், வாடகைதான் நிரந்தரம் என்று கண்டுகொண்ட கம்பெனி 1926-ல் ஸ்லவ் எஸ்டேட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2007 முதல் அதன் பெயர் ஸெக்ரோ.

நாம் தொழிற்பேட்டை என்று சொல்வதன் முன்னோடிகளில் இது ஒன்று. 1958-ல் சென்னைக்குக் கிண்டி தொழிற்பேட்டை வந்தபோது அரசாங்கம் அதை அமைத்தது. ஸ்லவில் அந்த இடத்தில் இருந்தது ஒரு கம்பெனி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1930-களின் மந்தத்தில் வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலிருந்தும், வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்திலிருந்தும் வேலையற்றவர்கள் ஸ்லவுக்கு வந்து இறங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபாரஸ்ட் மார்ஸ் 1932-ல் இங்கே ஒரு சின்ன ஆலையை வாடகைக்கு எடுத்து ஒரு சாக்லெட் தயாரித்தார். உலகம் முழுக்க அது அவர் பெயராலேயே விற்கிறது. வேலை இருந்தது. வீடு இல்லை. வந்தவர்கள் அறை எடுத்தும், அறையைப் பங்கு போட்டும் தங்கினார்கள். கடனுக்கு வாங்கக்கூடியவர்களுக்காகத் தனியார் கட்டிடக்காரர்கள் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகளை எழுப்பினார்கள். பெட்ஜமன் பார்த்து முகம் சுளித்தது இந்த ஸ்லவை. அது அவலட்சணமாகத்தான் இருந்திருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே திட்டம் என்று எதுவும் இல்லாமல் வளர்ந்த ஊர் வேறெப்படி இருக்கும்?

3

கவிஞர் கேட்ட குண்டுகள் வந்தபோது ஸ்லவ் விமானம் செய்துகொண்டிருந்தது. ஊரின் கிழக்கே லாங்லியில் ஹாக்கர் கம்பெனியின் ஆலையிலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் வெளிவந்தன. 1944-ல் கடைசி ஹரிக்கேனும் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதே 1944-ல் பாட்ரிக் ஆபர்க்ராம்பி லண்டன் பிரதேசத்துக்கு ஒரு திட்டம் தயாரித்தார். நெரிசலான உள் லண்டனிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே குடியமர்த்துவது, நகரைச் சுற்றிக் கட்டிடம் எழும்பாத பசுமை வளையம் ஒன்றைக் காப்பது, அதற்கு அப்பால் புதிய நகரங்களை உண்டாக்குவது என்பது அதன் சாரம். 1946-ல் ஸ்டீவனேஜ் முதல் புதிய நகரமாயிற்று. ஸ்லவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் புதிய நகரங்கள் காகிதத்தில் கனவு கண்ட ஒன்று ஸ்லவிடம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதுதான் வேலை.

ஆகவே லண்டன் கவுண்டி கவுன்ஸில் தன் எல்லைக்கு வெளியே வந்து இங்கே வீடு கட்டியது. முதலில் லாங்லி, பிறகு 1950-களில் ஊரின் வடமேற்கே பிரிட்வெல். குண்டில் இடிந்ததும், இடியாமலே அழுகிக்கொண்டிருந்ததுமான லண்டன் தெருக்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. செங்கல் சுவர், குளியலறை, முன்னும் பின்னும் தோட்டம். அதுவரை ஒரு குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று நம் ஒண்டுக் குடித்தன வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இழப்பும் இருந்தது. இதே கவுன்ஸில் எஸ்ஸெக்ஸில் கட்டிய டெப்டன் குடியிருப்புக்குப் போனவர்களைப் பற்றி மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் இருவரும் 1957-ல் வெளியிட்ட ஆய்வு அதைப் பதிவு செய்திருக்கிறது. அம்மா வீடு தெருக்கோடியில் இருந்த வாழ்க்கை போயிற்று. கதவைச் சாத்திக்கொள்ளும் வாழ்க்கை வந்தது. பிரிட்வெல்லிலும் இது வேறு மாதிரி இருந்திருக்க நியாயமில்லை. லண்டன் பட்டியலில் இருந்தவர்களுக்காக லண்டன் கவுன்ஸில் கட்டிய வீடு அது. ஸ்லவில் வீட்டுக்காகக் காத்திருந்தவன் தன் ஊரிலேயே அந்த வரிசையில் இல்லாதவன்.

ஆனாலும் இரண்டு தசாப்தங்களுக்கு ஒரு பொருத்தம் ஏற்பட்டது. வீட்டிலிருந்து ஆலைக்குச் சைக்கிளில் போகலாம். பெரும்பாலோருக்கு சீசன் டிக்கெட் தேவைப்படவில்லை. வெளியூர்க்காரர்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். இந்தப் பொருத்தத்தின் பின்னால் இரண்டு சட்டங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஒன்று வீடு பற்றியது. அனூரின் பெவன் கொண்டுவந்த 1949-ம் வருஷச் சட்டம், நகரசபை வீடுகள் உழைக்கும் வர்க்கத்துக்கு மட்டும் என்ற வாசகத்தை நீக்கியது. ஏழைக்குப் போடும் பிச்சையாக அல்லாமல், எல்லாரும் குடியிருக்கத்தக்க வீடாக அது இருக்க வேண்டும் என்பது நோக்கம். அடுத்து வந்த கன்ஸர்வேடிவ் ஆட்சியில் ஹெரால்ட் மாக்மில்லன் வருஷத்துக்கு 3 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்து 1953-ல் எட்டிவிட்டார். வீட்டின் அளவைச் சுருக்கியதும் அதற்கு ஒரு காரணம். எண்ணிக்கை கூடியது, அடிக்கணக்கு குறைந்தது. ஆனாலும் வீடு பொதுச் சொத்தாகவே இருந்தது.

மற்றது நிலம் பற்றியது. நம் நாட்டில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1947-ம் வருஷத் திட்டமிடல் சட்டம், நிலத்தின்மேல் கட்டிடம் எழுப்பும் உரிமையை நிலச்சொந்தக்காரனிடமிருந்து எடுத்துப் பொதுவாக்கியது. அனுமதி கிடைத்ததால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வு முழுவதும் அரசாங்கத்தைச் சேரும். இதன் தர்க்கம் எளியது. ஒரு வயல் வீட்டுமனையாகும்போது அதன் விலை பல மடங்காகிறது. உழவன் அதற்காக ஒரு சொட்டு வியர்வை சிந்தவில்லை. ரயிலும் ரோடும் பள்ளிக்கூடமும் பக்கத்து ஆலையும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு அது. ஊர் உண்டாக்கியதை ஊர் எடுத்துக்கொள்ளட்டும் என்றது சட்டம். 1953-ல் இந்த வரி ரத்தாயிற்று. கட்டுப்பாடு மட்டும் மிஞ்சியது. பசுமை வளையம் ஸ்லவைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. நிலம் அரிதாயிற்று. அரிதானதால் ஏறிய விலை யாரிடம் பத்திரம் இருந்ததோ அவரிடம் போயிற்று. யுத்தத்துக்குப் பிந்திய ஏற்பாட்டின் பாதி, சத்தமே இல்லாமல், பிரிட்வெல்லில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே செத்துவிட்டது.

4

செழிப்பான ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. 1950-களிலும் 60-களிலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பஞ்சாபிலிருந்தும், மங்களா அணைக்காக ஒரு லட்சம் பேருக்குமேல் இடம் பெயர்க்கப்பட்ட மீர்ப்பூர் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இவர்களுக்கு வேலை முதல் நாளே கிடைத்தது. நகரசபை வீட்டுக்கோ இத்தனை வருஷம் குடியிருந்திருக்க வேண்டும் என்று விதி. ஆகவே இங்கிலாந்தின் மற்றத் தொழில் நகரங்களில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. கூட்டாகப் பணம் சேர்த்து, சால்வி போன்ற பழைய பகுதிகளில், மற்றவர்கள் விட்டுப்போன ஒட்டு வீடுகளை வாங்கினார்கள். வாங்கியவர்கள் வசதி வந்து வாங்கவில்லை, வாடகைக்குக் கொடுக்க ஆளில்லாமல் வாங்கினார்கள். பின்னால் ‘இவர்கள் எல்லா வீட்டையும் வாங்கிவிட்டார்கள்’ என்று இதுவே குற்றச்சாட்டாயிற்று.

அரசியலில் இதன் விலையைக் கொடுத்தவர் ஃபென்னர் பிராக்வே. கல்கத்தாவில் பிறந்தவர், காலனி ஆட்சியை எதிர்த்தவர், 1950 முதல் ஈட்டன்-ஸ்லவ் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். இன வேற்றுமையைத் தடை செய்யும் மசோதாவைத் தனியாளாகப் பார்லிமெண்டில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1964-ல் நாடு முழுக்க அவர் கட்சி ஜெயித்தபோது அவர் 11 ஓட்டில் தோற்றார். குடியேற்றமும் வீட்டுப் பற்றாக்குறையும் அந்தத் தேர்தலில் ஒரே பேச்சாக இருந்தன. அடுத்த வருஷம் இன உறவுச் சட்டம் நிறைவேறியது. அவருடைய தோல்வியை நிறவெறி என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் வெறிக்கும் ஒரு வீட்டு முகவரி உண்டு. வீடு தாராளமாக இருந்த ஊரில் அந்த 11 ஓட்டு அவர் பக்கம் நின்றிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. 1984-ல் இதே ஸ்லவ் லிடியா ஸிம்மன்ஸைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனில் மேயரான முதல் கறுப்பினப் பெண் அவர்.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அது ஹார்லிக்ஸ். காலியான பாட்டிலில் கடுகும் காப்பிப்பொடியும் வைத்திருக்காத தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. எஸ்டேட் பிறப்பதற்கு முன்பே, 1908 முதல், ஸ்லவில் ஹார்லிக்ஸ் ஆலை இருந்தது. செங்கல் கோபுரமும் புகைபோக்கியுமாக ரயிலிலிருந்தே தெரியும். 1960 வாக்கில் கம்பெனி பஞ்சாபின் நாபாவில் ஒரு ஆலை தொடங்கியது. பஞ்சாபி ஸ்லவுக்குப் போன அதே காலத்தில் ஹார்லிக்ஸ் பஞ்சாபுக்கு வந்திருக்கிறது. இதில் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்று சொல்வது கஷ்டம். மூலதனம் பாலும் சந்தையும் இருந்த இடத்துக்குப் போயிற்று, மனிதன் கூலி இருந்த இடத்துக்குப் போனான். மூலதனத்திடம் யாரும் குடியுரிமைக் காகிதம் கேட்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம். மனிதனுக்கு 1962-ல் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டார்கள்.

5

செத்த பாதியைப் பற்றிச் சொன்னேன். மிச்சப் பாதி 1980-ல் போயிற்று. மார்கரெட் தாச்சர் ஆட்சியின் வீட்டுச் சட்டம், நகரசபை வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை. வாங்கியவர்களைக் குறை சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. விற்ற பணத்தில் புது வீடு கட்ட நகரசபைகளுக்கு அனுமதி கொடுக்காமல் கட்டிப்போட்டார்கள். ஒரு தலைமுறை சேர்த்த சொத்தை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நடுவில் இருந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ளச் செய்த சட்டம் அது.

ஆலைகளும் அதே காலத்தில் உதிர்ந்தன. ஹரிக்கேன் பறந்த லாங்லியில் பிறகு ஃபோர்ட் கம்பெனி வேன்களும் லாரிகளும் செய்தது. 1997-ல் அதுவும் மூடப்பட்டது. ஹார்லிக்ஸின் இந்திய வியாபாரம் 2020-ல் ஹிந்துஸ்தான் யூனிலீவரிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2018-ல், ஸ்லவ் ஆலை நின்றுவிட்டது. மார்ஸ் மட்டும் பழைய குடியானவனைப் போல நிலத்தை விடாமல் நிற்கிறது. எஸ்டேட் நொடிந்ததா என்றால், இல்லை. ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, நெடுஞ்சாலை வாசலில் இருக்கிறது. முதலில் கிடங்குகளும் அலுவலகங்களும் வந்தன. இப்போது ஐரோப்பாவின் மிகப் பெரிய தகவல் மையத் தொகுதிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஜன்னல் இல்லாத பெட்டிபோன்ற கட்டிடங்களுக்குள் கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், இடம் வேண்டும். ஆள் அதிகம் வேண்டாம். லாரி, சாக்லெட், கம்ப்யூட்டர் என்று வாடகைக்கு வந்தவை மாறின. நூறு வருஷமாக வாடகை வாங்கும் கை ஒன்றுதான்.

வேலை குறைந்த ஊரில் ஜனத்தொகை குறையும் என்று எதிர்பார்ப்போம். ஸ்லவில் 2011-ல் 1,40,000 பேர், 2021-ல் 1,58,000-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆசிய வம்சாவளியினர். லண்டன் வாடகை தாளாதவர்கள் வெளியே வருகிறார்கள். 2013-ல் வந்த விதிமாற்றம், திட்ட அனுமதி முழுவதையும் கேட்காமலே காலி அலுவலகங்களைக் குடியிருப்பாக மாற்ற வழிவிட்டது. இப்படி மாற்றப்படும் வீட்டுக்குக் குறைந்தபட்சப் பரப்பு என்று ஒன்றை நிர்ணயிக்க 2021 வரை ஆயிற்று. மாக்மில்லன் சுருக்கிய வீடு இந்த அறைகளோடு ஒப்பிட்டால் அரண்மனை. 2022-ல் எலிஸபெத் ரயில்பாதை திறந்து ஸ்லவை லண்டனின் நடுப்பகுதியோடு இணைத்தது. ஊர் உற்பத்தி செய்யும் சரக்கு இன்று லண்டனுக்கு ஆகும் நிமிஷக் கணக்குதான். ஹார்லிக்ஸ் ஆலையின் கோபுரத்தையும் புகைபோக்கியையும் அழகுக்காக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஹார்லிக்ஸ் பெயராலேயே விற்கப்படுகின்றன. பொது மக்கள் போட்ட ரயில், பொது மக்கள் காத்த பசுமை வளையம். இரண்டும் சேர்ந்து ஏற்றிய விலை 1947-ம் வருஷச் சட்டப்படி யாருக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நகரசபையின் நிலைமை இதற்கு நேர் எதிர். 2021 ஜூலையில் ஸ்லவ் நகரசபை இனிச் செலவு செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. கடன் சுமார் 76 கோடி பவுண்டு. நிர்வாகக் கோளாறுகள் இருந்தன. மத்திய அரசாங்கம் கமிஷனர்களை அனுப்பியது. கையிலிருந்த சொத்துகளை விற்பதே வழியாயிற்று. உள்ளே நுழைந்து பார்த்தால் இது கணக்குப்பிள்ளைகளின் தவறு போலத் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று இருக்கும் ஊர், தலைநகரத்துக்கு ஒரே ரயில் இருக்கும் ஊர், வீட்டு விலை வருஷா வருஷம் ஏறிய ஊர், திவாலாகியிருக்கிறது. ஊர் உண்டாக்கிய மதிப்பு ஊரின் கையில் தங்கவில்லை. யாரும் திருடவில்லை. எல்லாம் பத்திரப்படி, சட்டப்படி நடந்தது.

6

அழகு, அவலட்சணம் என்று பேசுவது வீண் என்று நான் சொல்லவில்லை. அவலட்சணத்தைக் கண்டு கோபப்படாத இலக்கியம் எதற்கும் உதவாது. ஆனால் கோபம் எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். நம் எழுத்திலும் நகரம் என்றால் உடனே யந்திரம், நரகம், மனிதத்தன்மை இழப்பு என்று ஒரு பாட்டு கிளம்பிவிடுகிறது. கிராமத்தை நினைத்து ஒரு பெருமூச்சும் கூடவே வரும். பெட்ஜமனும் ஸ்லவை உழவுக்குத் திருப்பிவிடத்தான் ஆசைப்பட்டார். உழப்படும் நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்ற நினைவு அந்த ஆசைக்கு இல்லை.

பிரிட்வெல்லின் செங்கல் வீடுகள் அழகானவை என்று யாரும் கவிதை எழுதியதில்லை. எழுத வேண்டிய அழகும் அவற்றில் இல்லை. ஆனால் இந்த நூற்றாண்டுக் கதையில், வேலையையும் வீட்டையும் மனிதன் ஒரே ஊரில் வைத்துக்கொள்ள ஒரு அரசியல் முயன்றதன் தடயம் அவை. பாதி மனதோடு முயன்றது. லண்டன்காரனுக்குக் கொடுத்து உள்ளூர்க்காரனையும், பிறகு வந்த பஞ்சாபியையும் வெளியே நிறுத்தியது. நிலத்தின் மதிப்பை விட்டுக்கொடுத்ததும் கடைசியில் வீட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஸ்லவைப் பற்றி எழுதுகிறவன் அந்த வீடுகளின் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அவற்றின் பத்திரத்தையும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.